ரமளானுக்கு வந்த சோதனை

ஒவ்வொரு வருஷமும் பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தத் திருத்தல் படலம் ஆரம்பித்துவிடும். யாராவது ஒருத்தர் "ரமலான் வாழ்த்துகள்" என்று அனுப்புவார். உடனே இன்னொருத்தர் வருவார். "சகோ, ரமலான் என்பது தப்பு. ரமதான் என்று சொல்லுங்கள். அரபியில் அப்படித்தான்." முதல் ஆள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார். அடுத்த வருஷம் அவரே நாலு பேரைத் திருத்திக்கொண்டிருப்பார்.

இவ்வளவு அக்கறையாகத் திருத்துகிறவர்களுக்காக ஒரு சின்ன அரபிப் பாடம்.

அந்த மாதத்தின் பெயரில் வரும் எழுத்துக்கு நம்மூர் மதரஸாவில் 'ளாத்' என்று பெயர். அரபிகள் தங்கள் மொழியையே 'ளாதின் மொழி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு விசேஷமான எழுத்து. அரபிக்கு முதல் பெரிய இலக்கணத்தை எழுதிய சீபவைஹி 8-ஆம் நூற்றாண்டுக்காரர். இந்த ஒலி நாக்கின் ஓரமும் கடைவாய்ப் பற்களும் சேரும் இடத்தில் பிறக்கிறது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நாக்கின் ஓரத்தில் பிறக்கும் ஒலி என்றால் தமிழனுக்கு எது? ல, ள. அவ்வளவுதான் விஷயம். பழைய ளாத் ஒலியில் லகரச் சாயல் இருந்தது. நீதிபதியைக் குறிக்கும் 'அல்காளி' ஸ்பெயினுக்குப் போய் 'அல்கால்தே' ஆனதும், 'ஃபர்ளு' மலாய் மொழியில் 'பெர்லு' ஆனதும், 'ரிளா' அங்கேயே 'ரெலா' ஆனதும் இதனால்தான் என்று மொழியியல்காரர்கள் விளக்குகிறார்கள். நம் கடற்கரையில் அதே ஒலிதான் ரமளான், ஒளு, பர்ளு, களா என்று தங்கியது. இன்றைய அரபுத் தொலைக்காட்சிகளில் கேட்கிற ஒலி பிற்பாடு வந்தது. அதையும் தமிழ் 'த'வை வைத்துச் சொன்னால் ளாதும் இல்லை, இன்றைய அரபியும் இல்லை, வேறொரு எழுத்து!

ஆக, நம் பாட்டன் பூட்டன் வாயில் இருந்தது கொச்சை கிடையாது. மரக்கலத்தில் வந்த பழைய அரபி. அதைத்தான் நேற்று வந்த ஒலியை வைத்துத் திருத்துகிறோம். (இந்த சீபவைஹி அரபியே இல்லை, பாரசீகர் என்பது தனிக்கதை.)

எனக்கு உச்சரிப்பின் மேல் கோபமில்லை. யார் எப்படிச் சொன்னாலும் நோன்பு நோன்புதான். கோபம் அந்தத் திருத்தலுக்குப் பின்னால் இருக்கிற நினைப்பின் மேல். உங்கள் ஊரில் இருப்பதெல்லாம் கலப்படம், அங்கிருந்து வருவதெல்லாம் அசல் என்ற நினைப்பு. தமிழ் முஸ்லிம்களுக்கு அரபுத் தொடர்பு ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்கிறவன் தன் தாத்தாவையே வேண்டாம் என்கிறான். என் வாதம் வேறு. கடந்த நாற்பது ஐம்பது வருஷமாக 'கலாச்சாரம் கலக்காத தூய மார்க்கம்' என்று நமக்குத் தரப்படுவதில் பெரும்பகுதி இன்னொரு ஊரின் கலாச்சாரம். ஊர்ப்பெயர் எழுதிய சீட்டை மட்டும் கிழித்துவிட்டு 'இதுதான் இஸ்லாம்' என்று கையில் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கிக்கொண்டு, அதே அளவுகோலால் நம் வீட்டுக் கிழவிகளை அளக்கக் கிளம்பிவிட்டோம்.

முதலில் நம்மிடம் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

பள்ளிவாசல் என்கிறோம். 'பள்ளி' சமணரும் பௌத்தரும் தங்கள் துறவிகள் இருந்த இடத்துக்கு வைத்திருந்த சொல். நோன்பு என்கிறோம். அது சமணர் நோற்றது, மார்கழியில் பாவைப் பெண்கள் நோற்றது. தொழுகை என்கிறோம். தேவாரத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தொழுகிறார்கள். குர்ஆனை 'ஓதுகிறோம்'. கோயிலில் தேவாரம் பாடுகிறவர் பெயர் ஓதுவார். நபிகளுக்கு 'நாயகம்' என்று பட்டம் சூட்டினோம். 'திருமறை' என்றோம். யோசித்துப் பாருங்கள். மார்க்கத்தின் தூண்களான விஷயங்களுக்கே, ஏற்கெனவே வேறு மதங்கள் புழங்கிய தமிழ்ச் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள் நம் முன்னோர். அவர்களுக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? சொல் நம்முடையது, அதில் ஊற்றிய பொருள் நம்முடையது என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது. இன்று 'தொழுகை' என்றால் போதவில்லையாம், 'ஸலாஹ்' என்று சொல்ல வேண்டுமாம். நோன்பு 'ஸவ்ம்' ஆகிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, நோன்புக் கஞ்சிக்கு இன்னும் யாரும் அரபுப் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். மூன்று காண்டம், 5,027 விருத்தம். ஆதரித்தவர்கள் கீழக்கரை சீதக்காதியும், பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும். அதில் அரபு நாட்டை வர்ணிக்கும் இடத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். ஆறு பெருகி ஓடுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள், கழனி விளைகிறது. மக்காவில் ஏது நெல்வயல்? உமறுக்குத் தெரியாதா என்ன? பெரிய ஆலிம்களோடு பழகியவர். தமிழில் ஒரு மகத்தான மனிதரைப் பாடுவதென்றால் அவர் நாட்டை மருதமாகப் பாட வேண்டும் என்பது மரபு. அந்த மரியாதையை அவர் நபிகளுக்குச் செய்தார். இவருக்கும் முன்னால், 1572-இலேயே வண்ணப்பரிமளப் புலவர் ஆயிரம் மசலா பாடியாகிவிட்டது. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழில் முன்பு இல்லாத இலக்கிய வகைகளையே நம் ஆட்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர்கள் அரபியும் பாரசீகமும். படைப்போர் மட்டும் தமிழ். உள்ளே இருப்பது முழுக்கத் தமிழ்ப் பாட்டு.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அரபுத்தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் ப கிடையாது, ட கிடையாது, ங, ஞ, ண, ழ எதுவும் கிடையாது. என்ன செய்தார்கள்? இருக்கிற அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். அரபு எழுத்து தமிழுக்காக வளைந்து கொடுத்தது! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் இந்த எழுத்தில் எழுதிய சட்ட நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடு வீடாகப் புழங்கின. குறிப்பாகப் பெண்களிடம். என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டு. அரசாங்கக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாசிப்பார். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒளுவிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் அவருக்குச் சட்டம் தெரியும்.

இதுவும் அரபுச் செல்வாக்குதானே? சந்தேகமே இல்லாமல். வந்தவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள், பிள்ளைகள் தமிழ் பேசின, எழுத்து தமிழுக்குப் புள்ளி வைத்துக்கொண்டது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்யாணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். இலங்கையின் கிழக்குக் கரையிலும் அப்படியே. (பெண்ணுக்கு வீடு கொடுத்தே தீர வேண்டும் என்பதால் ஏழைத் தகப்பன்கள் படும் பாடு தெரியும். ஆனால் மாமியார் வீட்டில் அடுப்பு வெடித்துச் சாகும் கதை அந்தத் தெருக்களில் ஏன் கேட்பதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.) பழைய பள்ளிகளைப் பாருங்கள். கல்தூண் நிறுத்திய மண்டபம், உருவம் மட்டும் செதுக்காத கோயில் தூண்கள். குவிமாடம் இல்லை. அதற்கென்ன, மதீனாவில் நபிகள் கட்டிய பள்ளி பேரீச்ச மரத் தூணும் ஓலைக் கூரையும்தான். குவிமாடமும் மினாராவும் அவர் காலத்தில் கிடையாது. இன்று அந்தக் கல்மண்டபங்களுக்கு முன்னால் காங்கிரீட் குவிமாடம் எழுப்பி, இப்போதுதான் பள்ளிவாசல் மாதிரி இருக்கிறது என்கிறோம்.

சரி, அந்தப் பக்கம் வருவோம். 'அரபு' என்கிறோமே, எந்த அரபு?

கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் நோன்பு மாதத்தில் சஹர் நேரம் தெருவில் முரசு கொட்டி ஆட்களை எழுப்பும் வழக்கம் உண்டு. அவருக்கு மிஸ்ஹராத்தி என்று பெயரே இருக்கிறது. நம் ஊரில் தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு வந்த பக்கீர்ஷாவை 'அநாச்சாரம்' என்று நிறுத்திவிட்டோம். எகிப்திலும் மொராக்கோவிலும் நபிகள் பிறந்த நாள் அரசு விடுமுறை. கெய்ரோவில் அன்றைக்குச் சர்க்கரைப் பொம்மை விற்பார்கள். இங்கே மவ்லிது ஓதினால் வழிகேடு. நம் வீடுகளில் ஓதும் சுப்ஹான மவ்லிது அரபியில்தான் இருக்கிறது. காயலில் ஓதும் புர்தா 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பூசீரி எழுதியது. நம் கடற்கரைக்காரர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் ஏமன் கடல்வழியாகக் கேரளம், தமிழகம், இலங்கை, மலாய் நாடு, ஜாவா என்று பரவியது. அந்த இமாம் ஷாஃபிஈயே கெய்ரோவில் 1211-இல் எழுப்பிய பெரிய குவிமாடத்துக்குக் கீழேதான் அடங்கியிருக்கிறார். ஜனங்கள் இன்றும் போய் ஸலாம் சொல்லி வருகிறார்கள். அவர்களெல்லாம் அரபிகள் இல்லையா? தெற்கு சவூதியின் அசீர் மலைப்பகுதியில் ஆண்கள் தலையில் பூமாலை சுற்றிக்கொள்வது பரம்பரை வழக்கம். நாம் இங்கே நம் பெண்கள் தலையிலிருந்து மல்லிகைப் பூவை எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

ஆக நமக்கு வந்து சேர்ந்தது அரபுலகத்தின் கலாச்சாரம்கூட இல்லை. அதில் ஒரு மூலை. 18-ஆம் நூற்றாண்டில் நஜ்துப் பாலைவனத்தில் எழுந்த ஓர் இயக்கம், ஒரு அரச குடும்பத்தோடு கைகோத்து, 1920-களில் மக்காவையும் மதீனாவையும் பிடித்தது. மதீனாவின் ஜன்னத்துல் பகீஃயில் நபிகளின் குடும்பத்தாருடைய கபுறுகள் மேல் இருந்த கட்டடங்களை இடித்தது. இதைச் செய்தபோது அரபுலகத்தில் இருந்தவர்களே பதறினார்கள். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. பணம் வந்தது. அதன் பிறகுதான் அந்த மூலையின் வழக்கம் உலக முஸ்லிம்களுக்கெல்லாம் 'அசல்' ஆனது. மதீனாவில் 1984-இல் திறந்த குர்ஆன் அச்சகத்திலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் விளக்கவுரையோடு பிரதிகள் வந்தன. உதவித்தொகையில் படித்தவர்கள் திரும்பி வந்தார்கள். நம் அப்பாக்களும் மாமாக்களும் சபுராளிகளாக தம்மாமிலும் ரியாத்திலும் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நின்று அனுப்பிய பணத்தில் நாமெல்லாம் படித்தோம். அதை நான் கேலி செய்யவில்லை. என் கல்லூரிக் கட்டணமும் அதே ரியாலில் கட்டியதுதான். ஆனால் கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவனின் கண்ணுக்கு, சம்பளம் கொடுக்கிறவனின் உடுப்பும் உச்சரிப்பும் ஒரு படி உயர்வாகத் தெரிவது மனித சுபாவம். அந்த உயர்வுக்கு மார்க்கம் என்று பெயர் வைத்தபோதுதான் வினை.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காதர் மைதீன், சாகுல் ஹமீது, நாகூர் மீரான், செய்யதம்மாள், பாத்துமுத்து. இந்தப் பெயர்களில் எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் சேக்காளி ஒருத்தனின் அண்ணன் பெயர் காதர் மைதீன். இப்போது அவர் 'அபூ' சேர்த்து மகன் பெயரால் அழைக்கப்படுவதைத்தான் விரும்புகிறார். மகனுக்கு ஒன்றரை வயது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? காதர் மைதீன் என்ற பெயரே பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானியின் பெயர், அவருடைய முஹ்யித்தீன் என்ற பட்டம். அரபு மண்ணில் எட்டரை நூற்றாண்டுக்கு மேல் கொண்டாடப்படுகிற ஒருவரின் பெயரை, அரபித்தனம் போதவில்லை என்று கழற்றி வைக்கிறோம்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் இதில் நான் கவனமாகவே பேசுவேன். பெண் என்ன உடுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் ஆம்பளைகள் வரிசையில் இன்னொருவனாக நிற்க எனக்கு விருப்பமில்லை. என் தங்கை கறுப்பு அபாயாதான் போடுகிறாள். அது அவள் இஷ்டம். பஸ்ஸில் போக வர வசதி என்கிறாள். நான் கேட்பது வேறு. எங்கள் உம்மம்மாக்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி எப்படி 'அரைகுறை' ஆனது? தலையும் உடம்பும் மறைந்தால் போதும் என்பதுதான் சட்டம் என்றால், நிறம் எங்கிருந்து வந்தது? எங்கள் வெயிலுக்கு வெள்ளைப் பருத்தியைவிடப் பொருத்தமானது எது? கடைசியில் 2018 மார்ச்சில் சவூதி இளவரசரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கறுப்பு அபாயாதான் போட வேண்டும் என்று ஷரீஅத் சொல்லவில்லை என்றார். அந்த வருஷமே அங்கே சினிமா தியேட்டர் திறந்தது, பெண்கள் கார் ஓட்டினார்கள். மார்க்கப் போலீஸிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தை 2016-இலேயே பறித்தாகிவிட்டது. ஏற்றுமதி செய்தவன் கடையை மாற்றிவிட்டான். இங்கே நாம் பழைய சரக்கை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி அடித்துக்கொள்கிறோம்.

"அப்படியானால் தர்காக் கொள்ளையும் தாயத்தும் தட்டும்தான் இஸ்லாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சீர்திருத்தம் பேசியவர்கள் செய்த நன்மையை மறைத்தால் நான் அயோக்கியன். கைக்கூலி வாங்கும் கல்யாணத்துக்குப் போகமாட்டோம் என்று பந்தலைப் புறக்கணித்தவர்கள் அவர்கள். பெண்கள் பள்ளிக்கு வரக் கதவைத் திறந்தவர்கள் அவர்கள். உண்டியலை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களைக் கேள்வி கேட்டார்கள். அதுவும் நல்ல தமிழில் கேட்டார்கள். ஏகத்துவம், இணைவைப்பு, நேர்வழி என்று மேடையில் அவர்கள் பேசிய தமிழைக் கேட்டுத்தான் பலரும் மார்க்கத்தையே புரிந்துகொண்டார்கள். ஆனால் சீர்திருத்தம் என்பது வளைகுடாவிலிருந்து வந்து இறங்கியதா? பா. தாவூத்ஷா 1920-களிலேயே 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையில் மூடப்பழக்கத்தையும் கண்டித்தார், நல்ல தமிழுக்கும் வாதாடினார். அப்துல் ஹமீத் பாகவி 1929-இல் குர்ஆன் தமிழாக்கத்தின் முதல் பகுதியை வெளியிட்டு, இருபது வருஷம் உழைத்து 1949-இல் முழுவதும் கொண்டுவந்தார். அப்போது எண்ணெய்க் காசு எங்கே இருந்தது? நம் வீட்டு அழுக்கை நாமே வெளுக்கத் தெரிந்தவர்கள்தான் நாம். அழுக்கை வெளுப்பது ஒன்று, வேட்டியையே தூக்கி எறிவது இன்னொன்று.

ஃபிக்ஹு நூல்களிலேயே 'உர்ஃப்' என்று ஒரு வாசல் இருக்கிறது. மார்க்கத்தின் கட்டளைக்கு முரணாகாத ஊர் வழக்கத்துக்குச் சட்டத்தில் மதிப்புண்டு என்பது அதன் சாரம். ஒவ்வொரு தூதரும் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று குர்ஆனின் 14-ஆம் அத்தியாயம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. அரபியல்லாதவனைவிட அரபிக்கு உயர்வில்லை என்ற கடைசி ஹஜ்ஜின் பேருரை நம் மேடைகளில் ஒலிக்காத வாரமில்லை. உலக முஸ்லிம்களில் அரபிகள் ஐந்தில் ஒரு பங்குதான். ஹதீஸுக்கு நாம் தினமும் மேற்கோள் காட்டும் புகாரியும் திர்மிதியும் இன்றைய உஸ்பெகிஸ்தான் ஊர்க்காரர்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூத்தவர்களைத் திருத்தப் புறப்படுகிறோம்.

உம்மம்மா மௌத்தான வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிச் சோறு ஆக்கினார்கள். பேரன்மார்களில் ஒருத்தர், வெளிநாட்டிலிருந்து ஜனாஸாவுக்கென்றே பறந்து வந்தவர், அந்தச் சோற்றைத் தொட மாட்டேன் என்றார். சரி, அவர் கொள்கை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதோடு விட்டாரா? "உம்மம்மா தர்காவுக்கு நேர்ச்சை வைத்தவர். இணைவைத்தவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்கக் கூடாது" என்று கூடத்தில் வைத்தே சொன்னார். எத்தனை வருஷம் இருட்டோடு எழுந்து தஹஜ்ஜுத் தொழுத கிழவி! இதே பேரனுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்த வாய்! என் உம்மா ஒன்றும் பேசவில்லை. தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மார்க்கம் தெரிந்துவிட்டது என்கிற நினைப்பு ஒரு மனிதனை இவ்வளவு கல்லாக்குமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. ஒரு கறுப்பு உடுப்போ ஒரு அரபுச் சொல்லோ யாரையும் கெடுத்துவிடாது. மந்திச் சோறு எனக்கும் பிடிக்கும். பெற்றவளைப் பெற்றவள் முஸ்லிமா இல்லையா என்று தீர்ப்பெழுதும் அதிகாரத்தைக் கையில் கொடுத்ததுதான் கேடு.

நம் வீட்டில் கூடத்துச் சண்டையோடு நின்றது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம் கிதாபுகளையே ஓதிய ஊர்களில் நிற்கவில்லை. இலங்கையின் காத்தான்குடி பிரதான சாலையின் நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நட்டிருக்கும். படத்தில் பார்க்க அழகாகவே இருக்கும். அதே ஊரில் 2004-இல் சூஃபிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் இறந்த ஒரு சூஃபி ஆசானை ஊருக்குள் அடக்கியதற்குக் கலவரம் நடந்தது, புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். 2017 மார்ச்சில் மறுபடியும் சூஃபிகளோடு மோதல். அந்த மோதலை நடத்திவிட்டுத் தலைமறைவான சஹ்ரான்தான் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவன். தாடி வளர்த்தவனெல்லாம் இப்படி ஆவான் என்று நேர்கோடு போடுவது வடிகட்டின பொய். அந்த ஊர் முஸ்லிம்களே அவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டிருந்தார்கள். ஆனால் "நீ முஸ்லிமே இல்லை" என்ற வசனத்தை முதலில் வாங்கியவர்கள் பக்கத்துத் தெருச் சூஃபிகள் என்பதை மறக்கக் கூடாது. குண்டு வெடித்த எட்டாம் நாள் முகத்தை மூடும் உடைக்கு அரசு தடை போட்டது. அரபுப் பெயர்ப்பலகைகளைக் கழற்றச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ்ஸிலும் அவமானப்பட்டது எதுவும் அறியாத பெண்கள்.

இதைப் படித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு கூட்டம் வரும், தெரியும். "பார்த்தீர்களா, அவர்கள் பையனே சொல்லிவிட்டான்" என்று. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. டல்லாஸில் வேலை பார்க்கிறவன் ஜீன்ஸ் போட்டால் அமெரிக்காவுக்கு அடிமை என்று சொல்லமாட்டீர்கள். சென்னை வெயிலில் கோட்டு சூட்டோடு மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளையை யாருடைய கலாச்சாரம் என்று கேட்கமாட்டீர்கள். துப்பட்டி போட்ட என் உம்மாவை மட்டும் அரபு நாட்டுக்குப் போகச் சொல்வீர்கள். அவர் துப்பட்டி போட்ட காலத்திலும் நீங்கள் வீடு வாடகைக்குக் கொடுத்ததில்லையே! சீறாப்புராணத்தைப் பாடப்புத்தகத்தில் சில பாடல்களோடு நிறுத்திவிட்டு, அரபுத்தமிழ் என்று ஒன்று இருந்ததையே தமிழ் படித்தவர்களிடம் சொல்லாமல் விட்டது யார்? இந்த வீட்டில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லவிடாதவன், நான் வேறு வீடு தேடினால் மட்டும் கோபப்படக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சண்டை. இதில் உங்களுக்குக் கல் எடுத்துத் தர நான் எழுதவில்லை.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இரண்டு அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. ஒன்றில் முதல் பதினாறு பக்கங்கள் இல்லை, இன்னொன்றைக் கரையான் ஓரம் கட்டிவிட்டது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருக்கும் கிழிந்த கிதாபுகளை மூட்டை கட்டிக் கடலில் விடுவீர்கள். அதற்கு முன்னால் பிரித்துப் பாருங்கள். அரபு எழுத்தாக இருக்கும். குர்ஆனாகவும் இருக்கலாம், ஹதீஸாகவும் இருக்கலாம். இரண்டு வரி வாய்விட்டு எழுத்துக் கூட்டுங்கள். காதில் தமிழ் விழுந்தால் போனை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.